பத்தரை மணி நடுக்கம்

அவர் யாரிடமும் ‘ஏன்’ என்று கேட்டு நான் பார்த்ததில்லை. ‘எத்தன மணிக்கு?’ என்றுதான் கேட்பார்.

வயிற்றுவலி என்று போனாலும் எத்தன மணிக்கு. தலைசுற்றல் என்று போனாலும் எத்தன மணிக்கு. பாம்பு கடித்த ஒருவனைத் தூக்கிக்கொண்டு ஓடியபோது, எங்கள் ஆட்கள் பாம்பு கறுப்பா பச்சையா என்று ஆளுக்கொன்றாகக் கத்திக்கொண்டிருந்தார்கள். இவர் மட்டும் காலைக் கழுவிக்கொண்டே, “கடிச்சப்ப மணி என்ன?” என்றார். யாருக்கும் தெரியவில்லை. பேர் கூப்பிடும் காலைப் பெரட்டுக்கு முன்னாலா பின்னாலா, வேலை வாங்கும் மண்டோர் வந்திருந்தாரா இல்லையா என்று எல்லோரும் யோசிக்க ஆரம்பித்தார்கள். யோசித்ததில் கத்தல் நின்றுபோனது. அதை நான் கண்ணால் பார்த்தேன்.

எங்கள் பக்கத்தில் தாதியை மிஸ்ஸி என்போம். இவர் புலாவ் செபாங் பக்கத்தில் இருந்த சின்ன கிளினிக்கின் மிஸ்ஸி. வீடு பாயா ரும்புட்டில். தினமும் பஸ்ஸில் வருவார். குள்ளம், நல்ல கறுப்பு, தடித்த கண்ணாடி. சட்டையில் நெஞ்சுக்கு மேல் ஒரு கடிகாரத்தைத் தலைகீழாகக் குத்தியிருப்பார். மலாக்கா டவுனில் இருக்கும் மணிக்கூண்டின் பெயரையே எங்கள் தோட்டத்து ஆட்கள் அவருக்கு வைத்துவிட்டார்கள். “மணிக்கூண்டு வந்துருச்சா?” என்பார்கள். அது அவர் காதிலும் விழுந்திருக்கிறது. ஒருநாள் மருந்து கட்டிக்கொண்டே, “மணிக்கூண்டு இன்னிக்கு நாலரைக்கு மூடிரும், சீக்கிரம் வாங்க” என்றார். சிரிக்கவில்லை. மூன்று வருடம்தான் எங்களோடு இருந்தார். பிறகு கோலா சுங்கை பாரு பக்கம் மாற்றலாகிப் போனார்.

ஒருமுறை எங்கள் லயத்து அக்கா ஒருவர் ரத்த அழுத்தம் பார்க்கக் கையை நீட்டிய இடத்தில் அழுதுவிட்டார். புருஷன் குடித்துவிட்டு வந்து அடிக்கிறான். வேறு யாராவது என்றால் ‘ஏன் அடிக்கிறாரு, நீ என்ன பேசுன?’ என்று ஆரம்பித்திருப்பார்கள். இவர் அழுது முடியும்வரை கையை விடாமல் பிடித்திருந்தார். பிறகு கேட்டார்.

“எத்தன மணிக்கு வூட்டுக்கு வருவாரு?”

“எட்டு மணிக்கு மிஸ்ஸி.”

“ஏழே முக்காலுக்குப் புள்ளைங்களக் கூட்டிக்கிட்டுப் பக்கத்து வூட்டுக்குப் போயிருங்க. போலீஸ்ல சொல்லணும்னா நான் கூட வர்றேன். சனிக்கெழம மூனு மணிக்கு எனக்கு வேல இல்ல.”

அந்தச் சனிக்கிழமை மூன்று மணிக்கு அந்த அக்கா போனார். மிஸ்ஸி ஏற்கனவே ஸ்டேஷன் வாசலில் குடையோடு நின்றிருந்தாராம். அக்கா அதை எத்தனையோ தடவை சொல்லிவிட்டார். ‘ஏன்னு ஒரு வார்த்த கேக்கலடா தம்பி, ஒரு வார்த்த.’

இனி என் கதை.

நான் பயந்த சுபாவம். மழை பெய்தால் மரம் சாயுமோ என்று பயம். பெய்யாவிட்டால் கிணறு வற்றுமோ என்று பயம். மகளின் ஸ்கூல் பஸ் ஐந்து நிமிடம் பிந்தினால், நான் மனதுக்குள் ஆஸ்பத்திரிவரை போய்த் திரும்பியிருப்பேன். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் போவதை நிறுத்தியதும் பயத்தினால்தான், வாத்தியாரின் பிரம்புக்கு. முப்பத்துநான்கு வயதில் இனிப்பு நீர் என்றார்கள். மாத்திரைக்குக் கட்டுப்படவில்லை. ஊசியில் கொண்டுவந்து விட்டார்கள். ஒருநாளைக்கு ஒரு ஊசி, நாள் முழுக்க மெதுவாக வேலை செய்கிற இன்சுலின். கலங்கலாக, நீர்மோர் மாதிரி இருக்கும். உள்ளங்கைகளுக்கு நடுவே உருட்டிக் கலக்கிவிட்டுப் போட வேண்டும். விடியற்காலை ஐந்து மணிக்குப் போட்டுக்கொண்டு ரப்பர் மரத்தில் பால் வெட்டப் போய்விடுவேன்.

ஊசி ஆரம்பித்த சில நாட்களில் அந்த நடுக்கம் வந்தது. மரத்தடியில் நின்றுகொண்டிருப்பேன். நெஞ்சு படபடக்கும். சட்டை நனையும்படி வேர்க்கும், ஆனால் உடம்பு சில்லென்றிருக்கும். கை ஆடி உளி பட்டையில் ஆழமாக இறங்கிவிடும். மரத்தைக் காயப்படுத்தியதற்கு மண்டோர் திட்டுவார். வீட்டில் சொன்னால் மனைவி சொல்வாள், “ஒங்களுக்கு இனிப்பு நீரு இல்லங்க, பயநீரு. காலைல எதையாவது நெனச்சுக்கிட்டே போயிருப்பீங்க.” டாக்டரும் கிட்டத்தட்ட அதையேதான் சொன்னார். மனசைத் திடமாக வைத்துக்கொள்ளச் சொன்னார். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். எனக்கே அப்படித்தான் தோன்றியது. பயந்தால் நெஞ்சு படபடக்கும், வேர்க்கும், கை நடுங்கும். வாழ்நாள் முழுக்க எனக்கு அதுதானே நடந்திருக்கிறது?

மிஸ்ஸி மட்டும் கேட்டார், “எத்தன மணிக்கு நடுங்குது?”

“எப்பவும்தான் மிஸ்ஸி.”

“எப்பவும்னு ஒரு மணி கெடையாது தம்பி. எழுதிக்கிட்டு வாங்க.”

“எனக்கு எழுத்து சரியா வராது. அஞ்சாங்கிளாஸோட நின்னுட்டேன்.”

“நம்பர் வருமா?”

“வரும்.”

“அது போதும்.”

சீனர் கடையில் கொடுக்கும் நாள்காட்டியில் தினமும் ஒரு தாளைக் கிழிப்போம் அல்லவா, அந்தத் தாளின் பின்பக்கத்தில் நடுங்கிய நேரத்தை எழுதச் சொன்னார். மச்சானின் பழைய கைக்கடிகாரத்தைக் கட்டிக்கொண்டு போனேன். மூன்று வாரம் எழுதினேன். தாள்களைக் கொண்டுபோய்க் கொடுத்ததும், சீட்டாட்டத்தில் விரிப்பதுபோல் மேசையில் வரிசையாகப் பரப்பினார். 10.30. 10.40. 10.25. 10.30. மகளின் பஸ் பிந்திய சாயங்காலங்கள் தனியாக 5.10, 5.20 என்று கிடந்தன. ஞாயிற்றுக்கிழமைத் தாள்கள் வெறுமையாக இருந்தன.

“பயத்துக்கு மணி தெரியாது தம்பி. இதுக்குத் தெரியுது” என்றார்.

பத்தரை மணித் தாள்களை ஒரு பக்கமும் பஸ் தாள்களை மறுபக்கமும் ஒதுக்கினார். “இது மருந்து. இது நீங்க.”

முப்பத்துநான்கு வருடம் என்னோடு வாழ்ந்தவர்கள் யாரும் என்னை அப்படிப் பிரித்துப் பார்த்ததில்லை. நானே பார்த்ததில்லை. ஊருக்கெல்லாம் கோழை என்று பெயர் வாங்கியவனை, நாள்காட்டித் தாள் இருபதை வைத்து அந்த அம்மா பாதி விடுதலை செய்துவிட்டார்.

பிறகு விளக்கினார். ஐந்து மணிக்குப் போடுகிற அந்த மருந்து மெதுவாக ஏறிப் பத்து, பதினொரு மணிக்கு உச்சியில் நிற்குமாம். ஆபீஸ் ஆட்கள் அதற்குள் பசியாறி, பத்து மணிக்குத் தேத்தண்ணியும் குடித்திருப்பார்கள். பால் வெட்டுகிறவர்கள் அப்படியா? விடியலில் ஒரு கறுப்புக் காப்பி. குளிர்ச்சி இருக்கும்போது வெட்டினால்தான் பால் இறங்கும். வெட்டி முடித்து, மரத்தில் கட்டிய மங்குக் கிண்ணத்தில் நிறைந்த பாலை வாளியில் ஊற்றி, நிறுத்துக் கொடுத்துவிட்டு, பதினொன்றரைக்குத்தான் பசியாறுவோம். ஞாயிற்றுக்கிழமை வேலை இல்லை, வீட்டிலேயே காலையில் பசியாறிவிடுவோம். மருந்து உச்சியில் நிற்கும்போது நான் வெறும் வயிற்றோடு மரத்தடியில் நிற்கிறேன், ரத்தத்தில் சர்க்கரை ஒரேயடியாக இறங்கிவிடுகிறது. டாக்டர் ‘பசியாறுறதுக்கு முன்னால போடுங்க’ என்று சொன்னபோது நானும் சரி என்றுதான் சொன்னேன். எனக்குப் பசியாற ஆறரை மணி நேரம் இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. நானும் சொல்லவில்லை.

மிஸ்ஸி முதலில் பிஸ்கட் கொண்டுபோகச் சொன்னார். மரத்தில் தொங்கவிட்ட பையில் செவ்வெறும்பு புகுந்துவிட்டது. பிறகு டாக்டரிடம் பேசி மருந்தைக் குறைத்தார்கள். நடுக்கம் குறைந்தது, ஆனால் சாயங்காலம் சர்க்கரை ஏறியது. கடைசியில் என் தாள்களை ஒரு உறையில் போட்டுப் பெரிய ஆஸ்பத்திரிக்கே எடுத்துக்கொண்டு போய்க் காட்டியிருக்கிறார். அங்கிருந்து வேறு இன்சுலின் எழுதிக் கொடுத்தார்கள். இது இன்னும் மெதுவானது, இன்னும் நீளமாக நிற்பது. “பழசு மலை மாதிரி. இது மேடு மாதிரி” என்று உள்ளங்கையைத் தட்டையாக்கிக் காட்டினார். அளவு சரிப்பட ஒரு மாதம் ஆனது. பத்து பன்னிரண்டு தடவை வரவைத்து விரலைக் குத்தினார்.

அளவு சரிப்பட்ட அந்த நாளை மறக்கவே முடியாது. பத்தே காலுக்கே உளியைக் கீழே வைத்துவிட்டு, கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நடுக்கத்துக்காகக் காத்திருந்தேன். பத்தரை. வரவில்லை. பத்தே முக்கால். வரவில்லை. ஏன் வரவில்லை என்று பயமாகிவிட்டது.

நடுக்கம் நின்றால் மாசி மகத்துக்கு மலைக்கோயில் ஆண்டவருக்குக் காவடி எடுக்கிறேன் என்று நேர்ந்திருந்தேன். நின்றுவிட்டது. விரதம் தொடங்கினேன். கவுச்சி இல்லை, தரையில் பாய், தினமும் தலைக்குத் தண்ணீர்.

அப்போதுதான் லோரி அண்ணன் அந்தச் செய்தியைச் சொன்னார். எங்கள் தோட்டத்து லோரி ஓட்டுபவர், அவருக்கும் இனிப்பு நீர். கிளினிக் பெஞ்சில் என் பக்கத்தில் உட்கார்ந்து என் புட்டியை எடுத்துப் பார்த்தார்.

“இந்த நீளமான மருந்து எதுலேர்ந்து எடுக்குறாங்க தெரியுமாடா?”

“தெரியாதுண்ண.”

“மாடுடா. மாட்டு வயித்துக்குள்ள இருக்குற ஒரு உறுப்புலேர்ந்து எடுக்குறது. மலாய்க்காரங்க பன்னிது போட மாட்டாங்க, அதனால மாட்டுது ஒன்னு வச்சிருக்காங்க. ஒன்ன அதுல போட்டுட்டாங்க. வெரதத்துல இருக்கிற ஆளு, தெனம் காலைல மாட்ட ஏத்திக்கிட்டுத்தான் குளிக்கிறியா?”

அன்று வீட்டுக்கு எப்படி வந்தேன் என்று நினைவில்லை. ஊசியை விட்டால் செத்துவிடுவேனோ என்று பயம். போட்டால் ஆண்டவர் விடமாட்டாரோ என்று பயம். இரண்டு பயத்துக்கும் நடுவில் நான் ஒரு வழி கண்டுபிடித்தேன், என்னைப் போன்றவன்தான் அப்படி ஒரு வழி கண்டுபிடிப்பான். பாதி அளவு போட்டேன். மனைவியிடம் சொல்லவில்லை.

விரதச் சாப்பாடு என்றால் சர்க்கரைப் பொங்கல், வாழைப்பழம், பால். பன்னிரண்டு நாளில் நாக்கு வறண்டு, தண்ணீர் குடித்துக் குடித்து அடங்காமல், கண் மங்கலாகிவிட்டது. கிளினிக்குக்கு மனைவிதான் இழுத்துக்கொண்டு போனாள்.

மிஸ்ஸி விரலைக் குத்திச் சர்க்கரையைப் பார்த்தார். “புட்டி கொண்டாந்தீங்களா?” என்று வாங்கி, ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார்.

“எத்தன மணிக்கு ஊசி போடுறீங்க?”

“அஞ்சுக்கு மிஸ்ஸி. சரியா அஞ்சுக்கு.”

“இது செவ்வாக்கெழமையே தீந்திருக்கணும்.”

புட்டியை மேசையில் வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தார். ஏன் என்று கேட்டிருந்தால் ஏதாவது பொய் சொல்லியிருப்பேன். கேட்காததால் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். மாடு, விரதம், நேர்த்தி, பாதி. என் மனைவி தலையில் அடித்துக்கொண்டாள். “பாதி மாடு போட்டா பாவம் பாதியாவா எழுதுவாங்க? அறிவு இருக்காலா ஒங்களுக்கு?”

மிஸ்ஸி அவளைப் பார்த்துக் கையைக் காட்டி நிறுத்தினார். வெள்ளிக்கிழமை சைவம் சாப்பிடுகிற அம்மாதான் அவரும். மாட்டின் பாலைக் குடிக்கிறாயே என்று மடக்கியிருக்கலாம். சாமி கோபிக்காது என்று சமாதானம் சொல்லியிருக்கலாம். இரண்டையும் செய்யவில்லை.

“பழைய மருந்து இருக்கு. அது பன்னிலேர்ந்து வர்றது. அது போட்டுக்குவீங்களா?”

“முனியாண்டிக்குப் பன்னி வெட்டுறாங்கதானே மிஸ்ஸி. பன்னின்னா பரவால்ல.”

மனைவி வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள். மிஸ்ஸி தலையாட்டி அதை அப்படியே எழுதிக்கொண்டார். “மாடும் இல்லாம பன்னியும் இல்லாம புதுசா ஒன்னு வந்திருக்கு. அது நம்ம கைக்கு வர நாளாகும். மாசி மகம் எட்டு நாள்ல. அதுவரைக்கும் பழசு. ஆனா பழசுன்னா பத்தர மணிக்கு நடுக்கம் வரும். தெரியும்ல?”

“தெரியும் மிஸ்ஸி.”

“காவடி எத்தன மணிக்குக் கெளம்புது?”

“எட்டு மணிக்கு.”

“பத்தரைக்கு எங்க இருப்பீங்க?”

“பாதி வழியில. பெட்ரோல் ஸ்டேஷன் இருக்குல்ல, அதத் தாண்டி.”

“வாயில வேல் குத்துறீங்களா?”

“ஆமா, நாக்குல.”

“நாக்க மட்டும் விட்டுருங்க. முதுகுல எவ்வளவு வேணும்னாலும் குத்திக்கங்க.” அதையும் எழுதினார். “அன்னைக்கு ஊசிக் கொழாயில மருந்த நாலு கோடு கொறச்சுப் போடுங்க. ஏழரைக்கு ஒரு டம்ளர் பாலும் ரெண்டு பழமும் சாப்ட்டுட்டுத்தான் தோள்ல ஏத்தணும்.”

தலையாட்டினேன்.

மாசி மகத்தன்று நான் பாலைக் குடிக்கவில்லை. காவடி இறங்கும்வரை பல்லில் பச்சைத் தண்ணீர்கூடப் படக்கூடாது என்பதுதான் எங்கள் தோட்டத்து வழக்கம். பாதி ஊசியால் ஆண்டவரை ஏற்கனவே ஏமாற்றியிருக்கிறேன் என்ற உறுத்தல் வேறு. எட்டு மணிக்குத் தோளில் ஏற்றினார்கள். வெயில். தார் ரோடு. உறுமி, மேளம். லோரி அண்ணன் எனக்கு முன்னால் பின்பக்கமாக நடந்தபடி ‘வேல் வேல்’ போட்டுக்கொண்டு வந்தார்.

பெட்ரோல் ஸ்டேஷன் வந்தபோது என் கை என் கையாக இல்லை. நெஞ்சு அடித்தது. குளிர்ந்த வேர்வை. கால் பின்னியது. உடம்பு முழுக்க உதறியது. எனக்கு அது என்னவென்று தெரியும். சொல்ல வாயைத் திறந்தேன். நாக்கு புரளவில்லை, உளறல்தான் வந்தது.

“அருள் வந்துருச்சு! ஆண்டவர் வந்துட்டாரு!” என்று லோரி அண்ணன் அலறினார். மேளக்காரர்கள் என்னைச் சூழ்ந்துகொண்டு வேகத்தைக் கூட்டினார்கள். யாரோ எலுமிச்சம்பழத்தை அறுத்தார்கள். என் நெற்றியில் திருநீற்றை அள்ளி அப்பினார்கள். பெண்கள் என் காலில் தண்ணீர் ஊற்றி விழுந்து கும்பிட்டார்கள். நூறு பேருக்கு நடுவில் நான் செத்துக்கொண்டிருக்கிறேன், நூறு பேரும் கைகூப்பி நிற்கிறார்கள்.

இதற்கு அப்புறம் நடந்தது பாதி நான் பார்த்தது, பாதி என் மனைவி சொன்னது. தண்ணீர்ப்பந்தல் பக்கமிருந்து நீலச் சேலையில் ஒரு குள்ளமான பெண், ஒரு கையில் செருப்பும் மறு கையில் சர்க்கரைப் பாகுச் சிராப்புப் பாட்டிலுமாகக் கூட்டத்துக்குள் புகுந்து வந்தார். பத்து மணியிலிருந்து அங்கே நின்றிருக்கிறார். அன்றைக்கு லீவு போட்டிருக்கிறார்.

“தொடாதீங்கலா!” லோரி அண்ணன் குறுக்கே கையை நீட்டினார். “சாமி எறங்கியிருக்கு!”

“எத்தன மணிக்கு எறங்குச்சு?”

லோரி அண்ணன் திகைத்துப்போய்த் தன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். “இப்பத்தான்… பத்து முப்பத்தஞ்சு.”

“பத்து நிமிஷம் குடுங்க. சாமியா இருந்தா சிராப்புக்குப் போகாது.”

அண்ணனின் கை கீழே இறங்கியது. மிஸ்ஸி செருப்பைத் தரையில் போட்டுவிட்டு, என் தாடையைப் பிடித்து நிமிர்த்தினார். “முழுங்குங்க. கொஞ்சம். முழுங்குங்க. இன்னும் கொஞ்சம்.” சிவப்புச் சிராப்பு, பல் கூசும் இனிப்பு. பாதி கழுத்து வழியாக ஒழுகியது. இரண்டு பேர் காவடியைத் தாங்கிக்கொண்டார்கள். மேளம் ஒவ்வொன்றாக நின்றது. அவ்வளவு பெரிய கூட்டத்தில் அவர் ஒருவர்தான் அவசரமில்லாமல் இருந்தார். ஒரு கை என் நாடியில், கண் கடிகாரத்தில்.

பத்தே முக்காலுக்கு எனக்கு முகங்கள் தெரிய ஆரம்பித்தன. முதலில் தெரிந்தது அந்தத் தடித்த கண்ணாடி.

“பால் குடிச்சீங்களா?” என்று அவர் கேட்கவில்லை. கைப்பையிலிருந்து இரண்டு வாழைப்பழத்தை எடுத்து உரித்துக் கொடுத்தார். ஆண்டவருக்கு நேர்ந்ததைக் காப்பாற்றும் வைராக்கியத்தோடு கிளம்பியவன், நடுரோட்டில் காவடிக்குக் கீழே நின்றுகொண்டு குழந்தைபோல் பழம் தின்றேன்.

கும்பிட்டுக்கொண்டிருந்த கூட்டம் கலைந்தது. ஒரு வயதான அம்மா மட்டும் போகிற போக்கில், எல்லோருக்கும் கேட்கும்படி சொல்லிவிட்டுப் போனார். “எறங்குன சாமியக் கலைச்சுட்டா. இவ நல்லாவா இருப்பா?”

மிஸ்ஸிக்கும் அது கேட்டது. சேலை முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டார்.

“நடக்க முடியுமா தம்பி?”

“முடியும் மிஸ்ஸி.”

“அப்ப நடங்க. நானும் வர்றேன்.”

மலையடிவாரம்வரை ரோட்டோரமாகக் கூடவே வந்தார், வெறுங்காலோடு. என் நடையைப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார், மறுபடி என் நடையைப் பார்த்தார். படிக்கட்டு தொடங்கும் இடத்தில் நின்றுகொண்டார். மேலே வரவில்லை.

மேலே காவடியை இறக்கினார்கள். முதுகிலிருந்து வேல்களை உருவினார்கள். வலி தெரியவில்லை. அந்த ஒரு நிமிடத்துக்காகத்தான் இத்தனை நாள் விரதம் இருந்தேன். என் நோய்க்கு, என் மகளுக்கு, என் பயத்துக்கு என்று கேட்க வேண்டியவற்றை மனதுக்குள் வரிசைப்படுத்தி வைத்திருந்தேன். சன்னிதியில் நின்றபோது அந்தக் கிழவி சொன்னது மட்டும்தான் காதில் கேட்டது. இவள் நல்லாவா இருப்பாள்.

‘ஆண்டவரே, அது நீ இல்லை. உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். நாளையிலிருந்து நான் அந்த மாட்டு மருந்தையே முழுதாகப் போடப்போகிறேன். கோபம் என்றால் என்மேல் வை. கீழே ஒரு அம்மா வெறுங்காலோடு நிற்கிறாள். அவளை ஒன்றும் செய்துவிடாதே.’

வேறு எதுவும் கேட்காமல் கீழே இறங்கினேன்.